குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாடு: காத்திருப்பதா, சீக்கிரம் தொடங்குவதா?

குடல் ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையிலேயே நோயாளியின் கட்டிலைச் சுற்றி ஒரு விவாதம் தொடங்கிவிடும். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், “இட்லி கொடுங்க, மெதுவா சாப்பிடட்டும்” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஊரிலிருந்து வந்த பெரியவர்களோ, “உள்ளே தையல் போட்டிருக்கு, இப்பவே இட்லியா? காத்து பிரியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்பார்கள். இரண்டு பக்கமும் அக்கறையில்தான் பேசுகிறார்கள். பெரியவர்கள் சொல்வது அவர்களாக இட்டுக்கட்டியதும் அல்ல. முப்பது வருடங்களுக்கு முன்பு டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள்.

பெருங்குடலிலோ மலக்குடலிலோ இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்தபிறகு சாப்பாட்டுக்குத் திரும்ப என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதில் என்ன லாபம், எதில் என்ன ஆபத்து என்று இங்கே பார்க்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் செய்த டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை சீக்கிரம் தொடங்குவதுதான் நல்லது. ஆனால் எப்போது கொடுக்கிறோம் என்பதைவிட எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் நம் வீடுகள் அதிகம் தவறவிடுகின்றன. நேரத்தைப் பற்றி இவ்வளவு வாதாடுகிறவர்கள், கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை.

காற்று பிரியும்வரை காத்திருப்பது

பழைய முறை எல்லோருக்கும் தெரியும். மூக்கில் ரைல்ஸ் ட்யூப், கையில் ட்ரிப்ஸ். காலையிலும் மாலையிலும் சிஸ்டர் வந்து, “ஐயா, காத்து பிரிஞ்சுதா?” என்று கேட்பார். பிரிந்ததும் ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர், அப்புறம் கஞ்சித் தண்ணீர், அப்புறம் குழைந்த சாதம். நிஜமான சாப்பாடு வயிற்றுக்குள் போக நாலைந்து நாள் ஆகிவிடும்.

இதற்கு இரண்டு காரணங்கள் சொல்வார்கள். ஒன்று, குடல் அசையாமல் இருக்கும்போது சாப்பிட்டால் வாந்தி வரும், அது நுரையீரலுக்குள் போய்விடலாம். இரண்டாவது, தையல் போட்ட இடத்துக்கு ஓய்வு வேண்டும்.

முதல் காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு குடல் சில நாள் மந்தமாவது உண்மை. ஆனால் எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. சிறுகுடல் சில மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் ஒரு நாளுக்குள் அசையத் தொடங்கிவிடும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள். பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள். காற்று பிரிவது பெருங்குடல் விழித்ததற்கான அடையாளம், அதாவது வரிசையில் கடைசியாக நிற்பது. உணவைச் செரித்து உடம்புக்கு ஏற்றும் சிறுகுடல் அதற்கு வெகு முன்பே தயாராகிவிடுகிறது.

இரண்டாவது காரணம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உள்ளே நடப்பது வேறு. நாம் ஒரு வாய் சாப்பிடாவிட்டாலும் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர் எல்லாம் ஊறிக்கொண்டேதான் இருக்கும். ஆரோக்கியமான உடம்பில் இவை எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏழு லிட்டர் அளவுக்கு வரும். இவ்வளவும் இறங்குகிற பாதையில் அரை இட்லியை நிறுத்தி வைப்பதால் தையலுக்குக் கிடைக்கும் ஓய்வு மிகக் கொஞ்சம்.

“அதான் குளுக்கோஸ் ஏறுதே” என்ற சமாதானத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 500 மில்லி பாட்டிலில் 5 சதவீத குளுக்கோஸ் என்றால் உள்ளே இருப்பது 25 கிராம் சர்க்கரை. நூறு கலோரிக்கும் குறைவு, கிட்டத்தட்ட இரண்டு இட்லி. புரதம் துளிகூட இல்லை. நார்மல் சலைன் பாட்டில் என்றால் அந்தக் கலோரியும் கிடையாது. ட்ரிப்ஸ் நீரிழப்பைத் தடுக்கும், பசியாற்றாது. பல மாதம் ரத்தம் போய், எடை குறைந்து, ஆபரேஷனுக்கு முந்தைய நாள் குடலைச் சுத்தம் செய்ய மருந்தும் குடித்து வந்த உடம்பை மேலும் ஐந்து நாள் பட்டினி போட்டால், அது தன் தசையைத்தான் கரைத்துக்கொள்ளும்.

சீக்கிரம் தொடங்குவது

இந்தப் பழக்கத்தை உடைத்ததில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கெலெட் என்ற சர்ஜனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1999ல் அவரும் சக மருத்துவர் ஒருவரும் 16 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். வயிற்றைத் திறந்து பெருங்குடலின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அவர்கள். அவர்களை உடனே சாப்பிடவும் நடக்கவும் வைத்தார்கள். பெரும்பாலோர் இரண்டே நாளில் வீட்டுக்குப் போகும் நிலைக்கு வந்தார்கள். அடுத்து ஐரோப்பிய மருத்துவர்கள் சிலர் சேர்ந்து இதை ஒரு முறையாக வளர்த்தார்கள். இன்று நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகளிலும் ‘ஈராஸ்’ (ERAS, ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் தேற வைக்கும் முறை) என்று சொல்வது அதைத்தான். ஆபரேஷன் அன்று சாயங்காலமே தண்ணீர், மறுநாள் மென்மையான உணவு என்பது அதில் சாதாரணம்.

மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2018ல் வெளியிட்ட தொகுப்பு 17 ஆய்வுகளை, 1,437 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. 24 மணி நேரத்துக்குள் உணவு தொடங்கியவர்கள் சராசரியாக இரண்டு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். எல்லோரும் பயப்படுவதுபோல், குடலை வெட்டி மறுபடி தைத்து இணைத்த இடம் கசிவது அதனால் கூடியதாகத் தெரியவில்லை. அந்த ஆய்வுகளின் தரம் அவ்வளவு உயர்ந்ததில்லை என்பதையும் அந்தத் தொகுப்பே சொல்கிறது. இன்னொரு பக்கமும் உண்டு: 2001ல் இதே கேள்வியை அலசிய ஒரு தொகுப்பில், சீக்கிரம் சாப்பிட்டவர்களுக்குக் கிருமித் தொற்று குறைவாகவும் வாந்தி சற்று அதிகமாகவும் இருந்தன.

சீக்கிரம் சாப்பாடு என்பது தனியாக நிற்கும் மருந்து இல்லை என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். கெலெட்டின் முறையில் மார்ஃபின் வகை வலி மருந்துகளைக் குறைத்தார்கள், ஏனென்றால் அவை குடலைத் தூங்க வைக்கும். ட்ரிப்ஸை அளவோடு ஏற்றினார்கள், ஏனென்றால் தண்ணீர் கூடிப்போனால் குடல் சுவரே வீங்கும். சீக்கிரமே எழுப்பி நடக்க வைத்தார்கள். இதெல்லாம் இல்லாமல், நாள் முழுக்கப் படுத்திருப்பவருக்கு இட்லியை மட்டும் ஊட்டினால் வயிறு உப்பத்தான் செய்யும். அப்போது குற்றம் இட்லியின் மேல் விழும். அதனால் காரிடாரில் பத்து நிமிடம் கையைப் பிடித்து நடக்க வைப்பதும் சாப்பாடு ஊட்டுவதன் ஒரு பகுதிதான் என்று அட்டெண்டராக இருப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு இது பொருந்தாது? குடல் அடைத்து, வயிறு வீங்கி, அவசரமாக ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் குடல் மெதுவாகத்தான் திரும்பும். மயக்கம் தெளியாதவர்களுக்கும், விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் அவசரப்படக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்பே பல வாரம் சரியாகச் சாப்பிடாமல் எலும்பும் தோலுமாக வந்தவருக்கு திடீரென்று முழுச் சாப்பாடு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் சரிந்து இதயத்தைப் பாதிக்கும். அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, ரத்தப் பரிசோதனையோடு ஏற்ற வேண்டும். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் பத்தில் ஒன்றிரண்டு பேருக்குக் குடல் மந்தமாகவே கிடக்கும். பச்சையாக வாந்தி, கல்போல உப்பிய வயிறு, நிற்காத விக்கல் வந்தால் சாப்பாட்டை நிறுத்திவிட்டு சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். சில சமயம் மூக்குக் குழாயை மறுபடி போட வேண்டிவரும். அது தோல்வி இல்லை, ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

படிப்படியாகவா, நேராகவா?

தண்ணீர் ஒரு நாள், கஞ்சித் தண்ணீர் ஒரு நாள், குழைந்த சாதம் ஒரு நாள் என்று ஏறுவது ஒரு வழி. முதல் நாளிலிருந்தே நார் குறைந்த மென்மையான உணவைக் கொஞ்சமாகக் கொடுப்பது இன்னொரு வழி. இதில் எனக்குக் குழப்பமில்லை. பசி இருந்து, வாந்தி இல்லையென்றால் இரண்டாவதுதான் மேல். இனிப்பு ஜூஸும் தண்ணீருமாக வயிற்றை நிரப்பினால் குமட்டல் குறையும் என்று நினைக்கிறோம், பலருக்கு நேர்மாறாக நடக்கிறது. அரை இட்லியை நன்றாக மென்று விழுங்குவது அவர்களுக்கு எளிதாக இருக்கிறது. மெல்லும்போதே மூளை குடலுக்குத் தகவல் சொல்லிவிடுகிறது.

இதை வைத்துத்தான் ஜப்பானில் 2002ல் சூயிங் கம் மெல்ல வைத்துப் பார்த்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் ஒன்றுபோல் இல்லை. பலன் இருந்தாலும் சிறியதுதான், கெடுதலும் இல்லை. காபி விஷயம் எனக்கு இதைவிடப் பிடித்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 2012ல் நடந்த ஆய்வில், காபி குடித்தவர்களுக்குத் தண்ணீர் குடித்தவர்களைவிடச் சில மணி நேரம் முன்னதாகவே மலம் கழிந்தது. காபி இல்லாமல் பொழுதே விடியாது என்கிற நம் ஊர்ப் பெரியவருக்கு டாக்டரைக் கேட்டுவிட்டு ஒரு வாய் காபி கொடுப்பதில் தப்பில்லை. முதலில் பால் குறைவாக இருக்கட்டும், சிலருக்குப் பால் காற்றைக் கூட்டும்.

கஞ்சியா, புரதமா?

இங்கேதான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஆபரேஷன் ஆனவருக்குக் கஞ்சி என்பது நம் கையே பழகிவிட்ட பதில். அதில் நல்லது நிறைய இருக்கிறது. எளிதில் செரிக்கும், உப்பு போட்டால் சோடியமும் கிடைக்கும், சூடாக இதமாக இறங்கும். ஆனால் ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் போகும் அரிசி 30 கிராம் இருந்தால் அதிகம். அதில் புரதம் சுமார் 2 கிராம். குடல் ஆபரேஷனுக்குப் பிறகு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தினமும் வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். கஞ்சியை மட்டும் நம்பினால் நாளைக்கு முப்பத்தைந்து டம்ளர் குடிக்க வேண்டியிருக்கும்.

புரதத்தைத் தடுப்பது வறுமை மட்டும் இல்லை, நம்பிக்கையும்தான். “பருப்பு சாப்பிட்டா சீழ் பிடிக்கும்”, “முட்டை சூடு, புண் ஆறாது”, “மீன் சாப்பிட்டா தையல் அரிக்கும்” என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சீழ் பிடிப்பது கிருமியால். அந்தக் கிருமியோடு போராடும் அணுக்களும், புண்ணை மூடும் புதுத் திசுவும் புரதத்தால் ஆனவை. பருப்பையும் முட்டையையும் நிறுத்தினால் புண்ணுக்கு வேண்டிய சரக்கையே நிறுத்துகிறோம். என் சித்தப்பாவுக்கு இந்த ஆபரேஷன் ஆனபோது வீட்டில் மிகவும் கஷ்டப்பட்டு மாற்றிய ஒரே விஷயம் இதுதான். அத்தை கடைசிவரை முழு மனதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கஞ்சியிலேயே பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துப் போட்டுக் கொடுக்கச் சம்மதித்தார்.

அது மிக நல்ல வழி. உடைத்த பாசிப்பருப்பு 30 கிராம் சேர்த்தால் அதே கஞ்சியில் 7 கிராம் புரதம் கூடிவிடும். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 கிராமுக்கு மேல், ஒரு கிண்ணம் தயிரிலும் கிட்டத்தட்ட அதே அளவு. முள் எடுத்த மீன் 100 கிராமில் சுமார் 20 கிராம். சங்கராவோ வஞ்சிரமோ காரமில்லாமல் ஆவியில் வேகவைத்தால் முதல் வாரத்திலேயே பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆட்டுக்கால் சூப்பை நம்பிக் கறியை விடுவதை நான் ஏற்கமாட்டேன். சூப்பில் சுவையும் உப்பும் இருக்கும், புரதம் கறியிலும் மீனிலும்தான் இருக்கிறது.

புரதப் பவுடர் வாங்கலாமா? சாப்பாட்டின் அளவு ஏறாத முதல் சில வாரங்களுக்கு அது உதவும். ஆனால் டப்பாவின் முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு ஸ்கூப்பில் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று இருக்கும். சத்து பானம் என்ற பெயரில் விற்பவற்றில் பலவற்றில் சர்க்கரைதான் முன்னால் நிற்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் இதை டாக்டரோடு பேசித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு முட்டை ஏறுகிறவருக்கு டப்பா தேவைப்படாமலே போகலாம்.

மூன்று வேளை நிறைய என்பதற்குப் பதில் ஆறு வேளை கொஞ்சம் என்று பிரிப்பது எல்லோருக்குமே நல்லது.

பத்தியம் எத்தனை நாள்?

நம் பத்தியச் சாப்பாட்டில் ஒரு விஷயம் சரியாக அமைந்திருக்கிறது: நார் குறைவு. குடலை இணைத்த இடம் முதலில் வீங்கியிருக்கும், வழி குறுகலாக இருக்கும். அதனால் முதல் சில வாரம் வெள்ளை அரிசி, இட்லி, இடியாப்பம், ரவை உப்புமா, தோல் சீவி நன்றாக வேகவைத்த சுரைக்காய், பூசணி, கேரட், உருளை, பழுத்த வாழைப்பழம் போன்றவை நல்லது. முருங்கைக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ, கீரைத் தண்டு, சுண்டல், தேங்காய்ச் சில், வேர்க்கடலை, கொய்யா எல்லாம் காத்திருக்கட்டும். கேழ்வரகு சத்தானது என்று முதல் வாரத்திலேயே கூழ் கொடுப்பார்கள். அதில் நார் அதிகம். கொடுப்பதானால் ஊறவைத்து அரைத்து வடிகட்டிய பாலாகக் கொடுக்கலாம். பீட்ரூட் கொடுத்தால் மறுநாள் மலம் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று பயந்து ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடாமலிருக்க இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

எத்தனை நாள் என்பதில் இரண்டு பக்கம் இருக்கிறது. இரண்டு வாரத்தில் எல்லாவற்றுக்கும் திரும்புகிறவர்கள் உண்டு. ஒரு வருடம் ஆகியும் ரசம் சாதத்திலேயே நிற்கிறவர்களும் உண்டு. நாலிலிருந்து ஆறு வாரம் என்பதுதான் பொதுவாக டாக்டர்கள் சொல்வது, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அதற்குப் பிறகு ஒரு சமயத்தில் ஒரு புதுப் பொருள், இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்தது. வருடக் கணக்கில் நாரை ஒதுக்குவது நல்லதே இல்லை. குடல் ஆறியபிறகு காய்கறியும் முழுத் தானியமும்தான் அதற்கு வேண்டியவை.

எந்தப் பகுதியை எடுத்தார்கள் என்பதும் கணக்கில் வரும். வலது பக்கப் பெருங்குடலை எடுத்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதியும் கொஞ்சம் போகும். பித்தம் முழுதாக உறிஞ்சப்படாமல் மலம் தண்ணீராகப் போகலாம். எண்ணெயைக் குறைத்தால் அடங்கும், அடங்காவிட்டால் மருந்து இருக்கிறது. மலக்குடலை எடுத்தவர்களில் பலருக்கு ஒரே மணி நேரத்தில் நாலைந்து முறை போக வேண்டியிருக்கும், அடக்கவும் முடியாது. அவர்கள் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்து முன்னதாக முடித்துக்கொண்டால் தூக்கமாவது கிடைக்கும்.

ஸ்டோமா இருந்தால் கணக்கு மாறும்

மலக்குடல் ஆபரேஷனில், கீழே போட்ட இணைப்பு ஆறுவதற்காகச் சிலருக்குச் சிறுகுடலைத் தற்காலிகமாக வயிற்றின் வெளியே எடுத்து வைப்பார்கள், அந்தத் திறப்புதான் ஸ்டோமா. அதில் பை மாட்டியிருக்கும். தண்ணீரை உறிஞ்சும் பெருங்குடல் வழியில் இல்லாததால் உப்பும் தண்ணீரும் பையில் போய்விடும். இந்த நிலையில் வீட்டில் வரும் கேள்வி, தண்ணீரா, இளநீரா, ஓஆர்எஸ்ஸா என்பது.

இளநீர் நமக்கு எதற்கும் மருந்து. ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. இவருக்குப் போய்க்கொண்டிருப்பதோ சோடியம். வெறும் தண்ணீரை நிறையக் குடித்தால் பையில் போவது இன்னும் கூடும், தாகமும் தீராது. ஓஆர்எஸ்தான் சரியான தேர்வு. முழுப் பாக்கெட்டையும் அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் ஒரே தடவையில் கலக்க வேண்டும். டெட்ரா பேக்கில் பழச்சுவையோடு விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நீர்மோரும் நல்ல துணை. நான் மேலே குறை சொன்ன அதே கஞ்சி இங்கே பெரிய உதவி. சாதம், ஜவ்வரிசி, வாழைப்பழம், உருளை போவதைக் கெட்டியாக்கும். ரத்த அழுத்தத்துக்காக வருடக் கணக்கில் உப்பைக் குறைத்து வந்தவர் இப்போது அதையே தொடரலாமா, நீர் பிரியும் மாத்திரையைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

பையில் ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். நேர்மாறாக, பல மணி நேரம் எதுவுமே போகாமல் வயிறு பிசைந்து வலித்தால் அடைப்பாக இருக்கலாம். காளான், மக்காச்சோளம், தேங்காய், ஆரஞ்சுச் சுளையின் தோல், மெல்லாமல் விழுங்கிய முருங்கைச் சக்கை இவையெல்லாம் அங்கே அடைத்துக்கொள்ளக் கூடியவை.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு

இணைப்பு கசிந்தால் பெரும்பாலும் ஐந்தாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் வெளியே தெரியும். சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆனவர் அப்போது வீட்டில் இருப்பார். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, படபடப்பு, நேற்றுவரை சாப்பிட்டவர் இன்று சாப்பாட்டையே வெறுப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போது ராத்திரியில் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கீமோ தேவைப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் எட்டு வாரத்துக்குள் அதைத் தொடங்கப் பார்ப்பார்கள். முதல் வாரத்தில் ஊட்டிய முட்டையின் பலன் அங்கேதான் தெரியும், எடை தேறியவருக்கு மருந்தைத் தள்ளிப்போட வேண்டிய அவசியம் குறையும். கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை என்றால் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், காலையும் ராத்திரியும். அதனால் அதற்குள் இரண்டு வேளையாவது ஒழுங்கான நேரத்தில் சாப்பிடும் பழக்கம் வந்திருக்க வேண்டும். ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினால் சில நாளைக்குக் குளிர்ச்சி பட்டாலே தொண்டை இறுகியது போலவும் விரல்களில் ஷாக் அடித்தது போலவும் இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்த தயிர், மோர், ஜூஸ் எல்லாவற்றையும் முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்து, குளிர் போனபிறகு கொடுங்கள். ஃபிரிட்ஜுக்குள் கை விடுவதைக்கூட அந்த நாட்களில் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.